காற்று பெயர்த்ததா, காலம் பெயர்த்ததா?

புயல் தொட்ட கூரையைப் பற்றி வீட்டுக்காரர், கூரை வேலை செய்யும் பாஸ், காப்புறுதிக் கம்பனி ஆகிய மூவரும் நடத்தும் வழக்கு

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் கிழக்குப் பக்கமாகக் கரையேறி வடக்கு நோக்கி நகர்ந்த டித்வா புயல், மலைநாட்டில் மண்சரிவாகவும் களனி கங்கையின் கரைகளில் வெள்ளமாகவும் உருக்கொண்டு, 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதனால் விளைந்த நேரடிச் சேதத்தை உலக வங்கி ஏறத்தாழ 410 கோடி அமெரிக்க டொலரென்று, அதாவது தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு நான்கு வீதமளவில், கணித்தது. அத்தகைய மகா அனர்த்தத்தின் அருகே வைத்துப் பார்க்கையில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் சீற் இரண்டு பறந்ததும், கொட்டாஞ்சேனையில் ஒரு வரிசை வீட்டின் முகட்டோடுகள் சரிந்ததும் பிரஸ்தாபத்துக்குரிய விஷயங்களல்ல என்று தோன்றலாம்.

ஆயினும், காப்புறுதி என்னும் ஸ்தாபனத்தோடு ஒரு நடுத்தரக் குடும்பம் நேருக்கு நேர் நிற்கும் முதற் சந்தர்ப்பம் பெரும்பாலும் அந்தச் சிறிய சேதமே. அதற்குப் பெயர் சூட்டப்பெற்ற புயல்தான் வரவேண்டுமென்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் கடலிலிருந்து எழுந்து வரும்போதும், ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழை திடீரென்று இறங்கும்போதும் கொழும்பின் கூரைகள் பரீட்சிக்கப்படுகின்றன. 1992 ஜூன் 4ஆந் திகதி ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீட்டர் மழை இந்நகரில் கொட்டியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது.

இவ்வாறு சேதமுற்ற கூரையைப் பார்வையிட வரும் மதிப்பீட்டாளர் ஏணியிலிருந்து இறங்கியதும் எத்தனையோ கேள்விகள் கேட்பார். ஆனால் அவை யாவும் ஒரே கேள்வியின் கிளைகள். இந்தக் கூரையைப் பெயர்த்தது காற்றா, காலமா? காற்று என்றால் கம்பனி கொடுக்க வேண்டும். காலம் என்றால் வீட்டுக்காரர் பொறுக்க வேண்டும். நஷ்டஈட்டுக் கோரிக்கைகளில் எழும் விவாதங்களுட் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நிகழ்கின்றன. இதற்கான விடை புயலடித்த மறுநாள் தேடப்படுவதாயினும், அதற்குரிய சாட்சியம் வெயில் காய்ந்த நாட்களிலேயே சேகரிக்கப்பட வேண்டியது என்பதுதான் இக்கட்டுரையின் சாரம்.

பத்திரம் எதைப் பொறுப்பேற்கிறது

வீட்டுக்கென எழுதப்படும் காப்புறுதி மூலத்தில் தீக்காப்புறுதியே. தீயும் மின்னலும் அதன் ஆதி ஆபத்துகள். சூறாவளி, கடுங்காற்று, வெள்ளம் முதலியன மேலதிகக் கட்டணத்துக்குச் சேர்த்துக்கொள்ளப்படுபவை. ஆகவே, “வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது” என்று திருப்தியடைவதற்கு முன், புயலும் வெள்ளமும் அந்தப் பத்திரத்தில் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்திருப்பதால், கையெழுத்திடுமுன் அதன் விலக்குகளைத் தமிழில் விளக்கும்படி முகவரிடம் கேட்பதில் நாணம் கொள்ள வேண்டியதில்லை.

இந்தத் துறையில் நம் நாட்டு நியாயஸ்தலங்கள் பின்பற்றும் தத்துவங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. 1852ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களோடு, தீக்காப்புறுதி விஷயத்தில் ஆங்கிலச் சட்டத்தையே நமக்கு வகுத்துத் தந்தது. லிவர்பூலில் ஒரு வீட்டைக் குறித்து எழுந்து 1883இல் தீர்க்கப்பட்ட காஸ்டலேன் எதிர் பிரஸ்டன் என்ற வழக்கு அத்தத்துவங்களுள் முதன்மையானதை ஸ்தாபித்தது. வீட்டை விற்க உடன்பட்டவர், கைமாறுமுன் அது தீப்பிடித்தமையால் கம்பனியிடம் நஷ்டஈடும் பெற்று, பின்னர் வாங்கியவரிடம் முழு விலையும் பெற்றார். பெற்ற நஷ்டஈட்டை அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. காப்புறுதி நஷ்டத்தை ஈடுசெய்வதற்கே உரியது, இலாபம் ஈட்டுவதற்கல்ல என்பது அதன் தாற்பரியம். பழைய கூரைக்குப் புதிய கூரையின் விலையைக் கேட்கும் வீட்டுக்காரரை மதிப்பீட்டாளர் ஐயத்தோடு நோக்குவதும், தேய்மானம் என்று ஒரு தொகையைக் கழிப்பதும் இதனாலேயே. புதிதாக மீளமைக்கும் செலவையே தருவதாகப் பத்திரத்தில் வாசகம் இருந்தால் அந்தக் கழிவு இராது; இல்லாவிட்டால் இருக்கும்.

தேய்வு, துரு, கறையான், பராமரிப்புக் குறைவு ஆகியவை எல்லாப் பத்திரங்களிலும் விலக்கப்பட்டவை. மழைநீரைப் பற்றி வீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் உள்ள வாசகமோ இன்னும் நுட்பமானது: புயலின் வேகத்தால் உண்டான திறப்பின் வழியே உள்ளே வந்த நீர் விளைவித்த சேதத்துக்குத்தான் பொறுப்பு. ஓடு பறந்த இடத்தால் ஒழுகி சீலிங் இடிந்து வீழ்ந்தால் நஷ்டஈடு உண்டு. பல மாதங்களாகக் கசிந்துகொண்டிருந்த பீலியால் அதே சீலிங் வீழ்ந்தால் இல்லை. நஷ்டம் புயலால் வந்தது என்று காட்டும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அது விலக்குக்குள் அடங்குவது என்று காட்டும் பொறுப்பு கம்பனியுடையது. இந்த இரண்டாவது பகுதியை அறியாதவர்களே, “பழைய கூரைதானே” என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இரு பேட்டைகள், இரு கூரைகள்

வெள்ளவத்தையின் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், அடுக்குமாடிகளுக்கு நடுவே எஞ்சி நிற்கும் பழைய வீடுகளுக்கு எதிரி உப்புக்காற்று. அது கூரையின் மேற்பரப்பைத் தொடுமுன் அதைப் பிடித்திருக்கும் ஆணியையும் போல்டையும் அரிக்கிறது. கூரையின்மேல் விரைந்தோடும் காற்று கீழிருந்து மேல்நோக்கி அதை உறிஞ்சித் தூக்குகிறது; அந்தத் தூக்குவிசை தாழ்வாரத்திலும் மூலைகளிலும் முகட்டிலுமே அதிகம். ஓட்டுக்கூரையில் இடுக்குகள் வழியே அழுத்தம் ஓரளவு தணிந்துவிடும். இழந்தாலும் சில ஓடுகளையே இழப்போம். சீற்றோ, ஒரு விளிம்பு விடுபட்டால் முழுமையாக எழும்பும். துருப்பிடித்த போல்டைக் கையில் எடுத்துக் காட்டி, “இது காலத்தின் வேலை” என்று மதிப்பீட்டாளர் சொல்லும் இடமும் இதுவே.

கொட்டாஞ்சேனையின் பிரச்சினை வேறு. ஜெம்பட்டா வீதி, ஜிந்துப்பிட்டிப் பக்கங்களில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த பழைய வீடுகளில், ஒருவர் கள்ளிக்கோட்டை ஓட்டை அப்படியே வைத்திருக்க, அடுத்தவர் அஸ்பெஸ்டஸ் சீற் போட்டிருக்க, அதற்கும் அடுத்தவர் நிறத் தகடு பொருத்தியிருப்பார். மூன்றும் சந்திக்கும் பொதுச்சுவரின் மேல்தான் நீர் இறங்கும். அந்தச் சந்தியில் உண்டான சேதம் யாருடைய பத்திரத்துக்கு உரியது என்பது தனி விவாதம். மேலும், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் நீண்டகாலம் இருந்துவரும் குடியிருப்புகளில், சொற்ப வாடகை பெறும் உரிமையாளர் கூரையைத் திருத்த முன்வருவதில்லை. குடியிருப்பவரோ பிறர் சொத்தில் பணம் போடத் தயங்குகிறார். இருவரும் கைவிட்ட கூரை புயலுக்குப் பின் காப்புறுதியாலும் கைவிடப்படுகிறது. அதே கொட்டாஞ்சேனையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லால் எழுப்புவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு ஓடு மாற்றும் தொல்லையில்லை. மனிதர் வாழும் வீடுகளுக்கு அந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை.

அஸ்பெஸ்டஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்நகரின் கூரைகளைக் கடக்க முடியாது. நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. எஞ்சிய வெள்ளை அஸ்பெஸ்டஸையும் படிப்படியாக நீக்க அரசாங்கம் தீர்மானித்திருந்த வேளையில், 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதென்று கூறி ருஷ்யா நம் தேயிலையின் இறக்குமதியை நிறுத்தியது. ருஷ்யாவோ வெள்ளை அஸ்பெஸ்டஸின் பெரும் ஏற்றுமதியாளர். சில வாரங்களுக்குள் இங்கே கட்டுப்பாடு பின்போடப்பட்டது, அங்கே தேயிலைத் தடை நீங்கியது. ஆக, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென வகுத்திருந்தும், நம் கூரைகளில் அது நிலைத்தது. புயலில் உடைந்த துண்டுகளை உலர்ந்த நிலையில் அறுப்பதோ சம்மட்டியால் நொறுக்குவதோ ஆபத்து. நீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு எடுத்து, தடித்த பொலித்தீனில் கட்டி அகற்ற வேண்டும். இடிபாடு அகற்றும் செலவு பத்திரத்தில் சேர்ந்திருந்தால் அதையும் கோரலாம்.

முதல் இரண்டு நாட்கள்

சேதம் நேர்ந்தவுடன் செய்ய வேண்டியவை சிலவே. ஆனால் அவற்றின் ஒழுங்கு மாறக்கூடாது. முதலில் படம் எடுக்க வேண்டும்: தெருவிலிருந்து முழுக் கூரையும், அருகிலிருந்து பெயர்ந்த இடமும், உள்ளிருந்து ஒழுகிய சீலிங்கும், நனைந்த பொருட்களும். இரண்டாவதாகக் கம்பனிக்கு உடனே அறிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் மட்டும் போதாது, மின்னஞ்சலிலோ கடிதத்திலோ திகதியோடு எழுதிவைக்க வேண்டும். மூன்றாவதாகத் தறப்பாளை இழுத்துக் கட்டி மேலும் நனையாமல் காக்க வேண்டும். சேதம் பெருகாமல் தடுப்பது வீட்டுக்காரரின் கடமையென்று பத்திரமே சொல்லும், அதற்கான பற்றுச்சீட்டையும் கோரிக்கையோடு சேர்க்கலாம். ஆனால் மதிப்பீட்டாளர் வந்து பார்க்குமுன் நிரந்தரத் திருத்தத்தைத் தொடங்குவதும், உடைந்த ஓட்டையும் வளைந்த போல்டையும் குப்பை லொறியில் ஏற்றிவிடுவதும், சாட்சியை நாமே ஊரைவிட்டு அனுப்பிவிடுவதற்கு ஒப்பாகும்.

அன்றைய காற்றுக்கும் மழைக்கும் ஆதாரம் பௌத்தாலோக மாவத்தையிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தில் உண்டு. கட்டணம் செலுத்தி அறிக்கை பெறலாம். கிராம உத்தியோகத்தரிடம் சேதத்தைப் பதிவு செய்து கடிதம் வாங்குவதும் பயன் தரும். அரசாங்க நிவாரணம் கிடைக்கும் பட்சத்தில் அதற்கும் அதுவே வாயில்.

பாஸ் சொல்லும் கணக்கு

கூரை வேலை செய்பவரைக் கொழும்பில் பாஸ் என்போம். புயலுக்கு மறுநாள் நல்ல பாஸ் கிடைப்பது அருமை. கிடைத்தவர் எல்லாரும் நல்லவரென்பதும் இல்லை. “முதல்ல கூரையப் போடுவம் ஐயா, எஸ்டிமேட்டைப் பிறகு எழுதித் தாறன், இன்சூரன்ஸ்காரருக்கு எவ்வளவு காட்ட வேணுமெண்டு சொல்லுங்கோ, அப்பிடியே போடலாம்” என்று ஒருவர் சொன்னால், அவர் நமக்கு உபகாரம் செய்வதாக எண்ணக்கூடாது. காப்புறுதி ஒப்பந்தம் பரிபூரண நேர்மையை ஆதாரமாகக் கொண்டது; பத்துச் சீற் போனதற்கு இருபது எழுதினால், இல்லாத பத்துக்கு மட்டுமல்ல, உண்மையான பத்துக்கும் நஷ்டஈடு மறுக்கப்பட இடமுண்டு. கையெழுத்து நம்முடையதாதலால் தண்டனையும் நமக்கே, பாஸுக்கல்ல.

எஸ்டிமேட் என்பது ஒரு மொத்தத் தொகையாக இருக்கக்கூடாது. எத்தனை சதுர அடி, எந்த வகைச் சீற் அல்லது ஓடு, கைமரமும் சலாகையும் எத்தனை அடி, எந்த மரம், பீலி எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதப்பட வேண்டும். புயலில் போனதைத் திருத்துவது ஒரு தாளிலும், அதே சாக்கில் நாம் செய்ய விரும்பும் அபிவிருத்தி மற்றொரு தாளிலும் இருப்பது உத்தமம். இரண்டும் கலந்த கணக்கைக் கண்டால் மதிப்பீட்டாளர் முழுவதையும் சந்தேகிப்பார். இரண்டு மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்குவது சம்பிரதாயம். வேலையை நாட்கூலிக்கு விடுவதா, கொந்தராத்தாகக் கொடுப்பதா என்பதை முன்னரே தீர்மானிக்க வேண்டும். கூலியை நாளுக்கு நாள் கொடுத்தால் வேலை நீளும். கொந்தராத்தானால் பொருளின் தரம் குறையும். ஆதலால் பொருளை நாமே வாங்கிக் கொடுத்து, கூலியை மாத்திரம் கொந்தராத்தாக்குவது பலர் கைக்கொள்ளும் நடுவழி. முற்பணத்தைப் பொருள் வந்திறங்கும் அளவுக்கு மட்டுப்படுத்தி, கடைசிப் பங்கை ஒரு நல்ல மழை பெய்து கூரை சோதிக்கப்படும்வரை நிறுத்திவைக்க வேண்டும். பெரிய வேலையானால், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரைத் தேடுவது நன்று.

உடன்பாட்டை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவதற்குச் சட்டரீதியான பலனும் உண்டு. காலவதி பற்றிய 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, எழுத்திலுள்ள ஒப்பந்தத்தைக் கொண்டு ஆறு ஆண்டுகள்வரை வழக்கிடலாம். வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்றே ஆண்டுகள். கூரை வேலையின் குற்றம் நான்காவது மாரியில் வெளிப்படுவது அபூர்வமல்ல.

கோரிக்கையை நடத்தும் பொறுப்பையே ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பது எத்தகைய விபரீதத்தில் முடியுமென்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் திருஷ்டாந்தம். அங்கே கூரைக் கம்பனிகள் வீடு வீடாகச் சென்று, நஷ்டஈட்டைப் பெறும் உரிமையையே தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, கணக்கைப் பெருக்கி, வழக்குமேல் வழக்காகத் தொடர்ந்தன. காப்புறுதிக் கம்பனிகள் பல முறிந்தன. கட்டணம் சாமானியரால் தாங்கவொண்ணாதபடி ஏறிற்று. ஈற்றில் 2022 டிசம்பரில் அம்மாநிலச் சட்டசபை அந்த உரிமை மாற்றத்தையே புதிய பத்திரங்களுக்குத் தடைசெய்தது. பாஸ் கூரையை வேயட்டும்; கோரிக்கையை எழுத வேண்டியவர் வீட்டுக்காரர்.

குறைத்து எழுதிய தொகையின் விலை

மதிப்பீட்டாளர் நேர்மையானவராகவும், சேதம் காற்றினாலேயே விளைந்ததாகவும் இருந்தும், கைக்கு வரும் தொகை பாதியாகக் குறைவதுண்டு. காரணம் விகிதாசார நிபந்தனை. உதாரணமாக, மீளக்கட்ட 200 இலட்சம் ரூபாய் செல்லக்கூடிய வீட்டை 100 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், மற்றப் பாதிக்கு நாமே காப்புறுதியாளர் என்று அந்நிபந்தனை கருதும். கூரைச் சேதம் 10 இலட்சமென்றால், கம்பனியின் பொறுப்பு 5 இலட்சம். இயற்கை அனர்த்தத்துக்கென்று வீட்டுக்காரர் ஏற்க வேண்டிய முதற்பங்கு அதிலிருந்தும் கழியும். “வீடு முழுவதும் விழவில்லையே, கூரைக்கு 100 இலட்சம் தாராளமாகப் போதுமே” என்னும் நியாயம் அங்கே செல்லாது.

இந்தக் கண்ணியில் விழுபவர் இரு வகையினர். வங்கிக் கடனுக்கு வீட்டை ஈடு வைத்தவர்களின் காப்புறுதி பல சமயங்களில் கடன் தொகைக்கே எழுதப்படுகிறது. அது வங்கிக்குக் காவலேயன்றி வீட்டுக்கல்ல. மற்றவர்கள், பழைய தொகையையே வருடந்தோறும் புதுப்பிப்பவர்கள். 2022 மார்ச்சில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த நாணயமாற்று இரண்டே மாதங்களில் 360ஐ எட்டியபோது, இறக்குமதியான உருக்கும் தகடும் எவ்வளவு ஏறின என்பதை வீடு கட்டிய எவரும் அறிவர். 2019இல் எழுதிய தொகை அன்று போதுமானதாயிருந்தாலும் இன்று குறைக்காப்புறுதியே.

வெள்ளவத்தைக்கே விசேஷமான சிக்கல்கள் இன்னும் இரண்டு. அடுக்குமாடியின் மொட்டைமாடி எந்தத் தனி வீட்டுக்கும் சொந்தமல்ல, பொது ஆதனம். அதைப் பராமரிப்பதும் கட்டடத்தைக் காப்புறுதி செய்வதும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. மேல்மாடிக்காரரின் சீலிங் ஒழுகினால் அவர் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கூட்டுத்தாபனத்தின் பத்திரத்தை. அது அசட்டையாக இருந்தால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையிடம் முறையிடலாம். மற்றது, உரிமையாளர் லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்க வாடகைக்கு விடப்பட்ட வீடு. உரிமையாளரின் கட்டடப் பத்திரம் குடியிருப்பவரின் கட்டிலையும் கணினியையும் காக்காது. குடியிருப்பவர் தம் பொருட்களுக்குத் தனியே காப்புறுதி செய்ய வேண்டும். வீடு நீண்ட நாள் பூட்டிக் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனையும் சில பத்திரங்களில் உண்டு.

மறுத்தால் எங்கே போவது

கம்பனி மறுத்தால் அந்த மறுப்பை, எந்த நிபந்தனையின் கீழ் என்ற விவரத்தோடு, எழுத்தில் கேட்க வேண்டும். குறைந்த தொகை தர முன்வந்தால், ‘முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டேன்’ என்ற பற்றுச்சீட்டில் அவசரத்தில் கையொப்பமிடக்கூடாது. கம்பனியின் மேலதிகாரிகளிடம் முறையிட்டும் பயனில்லையேல், 2005 முதல் இயங்கிவரும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்து, 2017இன் திருத்தத்துக்குப் பின் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என வழங்கும் ஸ்தாபனம் கோட்டையில் உலக வர்த்தக மையத்தில் இருக்கிறது. பத்திரதாரரின் முறைப்பாடுகளை அதுவும் விசாரிக்கும். பாஸோடு உண்டான சச்சரவு சிறு தொகைக்கானால், 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபையே ஏற்ற இடம். அங்கே சட்டத்தரணிக்கு இடமில்லை, ஆகையால் அந்தச் செலவும் இல்லை.

காப்புறுதிப் பத்திரமே எழுத வழியில்லாதவர்களையும் மறப்பதற்கில்லை. உறுதியில்லாத காணியில், தோட்டம் என்று நாம் அழைக்கும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்வோரிடம் எந்தக் கம்பனி முகவரும் போவதில்லை. 2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் மூலம் அரசாங்கம் தொடங்கிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம், வீடொன்றுக்கு 25 இலட்சம் ரூபாய்வரை, குடும்பத்திடம் தவணைக் கட்டணம் அறவிடாமலே, பாதுகாப்பு அளிப்பதாக வந்தது; மறுமாதமே களனி வெள்ளம் கொலன்னாவையை மூழ்கடித்து அதைச் சோதித்தது. டித்வாவுக்குப் பின் காலநிலையின் போக்கை நோக்கும்போது, அத்தகைய பொதுக் காப்பு தர்மமாக அல்ல, உரிமையாக நிலைபெற வேண்டுமென்பதே நியாயம்.

பத்திரம் உள்ளவர்களுக்கோ செய்ய வேண்டியது தெளிவு. ஒவ்வொரு வருடமும் தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் ஒரு பாஸை ஏற்றிக் கூரையைப் பார்க்கச் செய்து, பீலியைத் துப்புரவாக்கி, துருப்பிடித்த போல்டை மாற்றி, வேலைக்கு முன்னும் பின்னும் படமெடுத்து, பற்றுச்சீட்டைக் காப்புறுதிப் பத்திரத்தோடு ஒரே உறையில் வைத்தல். புதுப்பிக்கும்போது இன்றைய கட்டுமானச் செலவுக்கேற்பத் தொகையை உயர்த்துதல். இந்தச் செலவு ஒரு மதிப்பீட்டாளரின் ஒற்றைக் கழிவைவிடக் குறைவு. காலத்தின் வேலைக்குப் பரிகாரம் செய்துவந்தவர் என்று காகிதத்தில் காட்டக்கூடியவரிடம், காற்றின் வேலையைக் காலத்தின் தலையில் கட்டுவது எந்தக் கம்பனிக்கும் எளிதன்று.